அடுக்களையும் பின்கட்டும்

புதுமனை மந்திரிக்கச் செல்லும்போது ஒரு முறை உண்டு. வாசற்படியில் தொடங்கி, கூடம், படுக்கையறை, பிள்ளைகள் படிக்கும் அறை, சமையலறை என ஒவ்வோர் இடமாகச் சென்று, செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்போம். வீட்டார் மெழுகுதிரி ஏந்திப் பின்தொடர்வர். அண்மையில் ஓர் இல்லத்தில் சமையலறையை மந்திரித்து முடித்து, அதன் பின்புறம் சாத்தியிருந்த கதவை நோக்கி நடந்தோம். வீட்டுத் தலைவர் சற்றுப் பதற்றத்துடன் முன்னே வந்து, "அங்கே வேண்டாம் சாமி. அது யூட்டிலிட்டிதான். வேலைக்கார அம்மா பாத்திரம் கழுவுகிற இடம்" என்றார். நாமும் திரும்பிவிட்டோம். நேரமாகிவிட்டது, பந்தி காத்திருந்தது. உண்டுகொண்டிருக்கையில் அந்தக் கதவுக்கு அப்பால் பாத்திரம் உரசும் ஓசை கேட்டது. ஆசீர் நின்றுபோன இடத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

அந்த ஓசை நம் நினைவை விட்டு அகலாதிருந்த நாள்களில், நம் பங்கைச் சேர்ந்த இளம் தம்பதியர் வீட்டு வரைபடத்துடன் நம்மைக் காண வந்தனர். கணவரின் தாயாரும் உடன் வந்திருந்தார். முதற்கல்லை மந்திரிக்க நாள் குறிப்பதே வந்த காரியம். ஆனால் பேச்சு வரைபடத்தின் மேல் திரும்பியது. வீட்டின் பின்பகுதியில் பத்தடிக்கு ஆறடி இடம் மீந்திருந்தது. அதை அடுக்களையோடு சேர்த்து அதைப் பெரிதாக்கலாம். அல்லது இடையே சுவர் எழுப்பி, துணி துவைக்கவும் பாத்திரம் துலக்கவும் தனியறை ஆக்கலாம். பொறியாளர் இரண்டு விதமாகவும் வரைந்து கொடுத்திருந்தார்.

தாயாருக்குப் பெரிய அடுக்களையே விருப்பம். "நல்ல நாள் பெரிய நாள் என்றால் மூன்று பேர் சேர்ந்து நின்று வேலை செய்யலாம் சாமி" என்றார். மருமகள் மெல்லிய குரலில், "மூன்று பேர் நிற்பார்களா அத்தை? நான் ஒருத்திதானே நிற்பேன்" என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மகன் வரைபடத்தைச் சுருட்டினார்; மறுபடி விரித்தார். பிறகு, "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள் சாமி" என்று சிரித்தார்.

நாமும் சிரித்தோம். குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியலில் அடுக்களையின் அளவைப் பற்றிய அதிகாரம் ஏதும் இருந்ததில்லை. ஆயினும் அவர்கள் சென்ற பின், அந்த மருமகள் சொன்ன சொல் நம்மை விட்டுப் போகவில்லை. அது இடத்தைப் பற்றிய கேள்வி அன்று. வீட்டு வேலை என்னும் சுமை யார் தோளில் இறங்குகிறது என்னும் கேள்வி. கதவுக்கு அப்பால் கேட்ட பாத்திர ஓசையும் அதே கேள்வியையே எழுப்பியது. வாசகர்களோடு சேர்ந்து இதைச் சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

தனியறை கேட்பதை ஆடம்பரம் என்று எளிதில் தீர்ப்பிட்டுவிடலாகாது. நம் முன்னோர் வீடுகளில் துவைப்பதும் துலக்குவதும் மாவாட்டுவதும் அடுக்களைக்குள் நடந்ததில்லை. கிணற்றடியில் துவைகல் கிடந்தது. பின்தாழ்வாரத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் இருந்தன. பாத்திரம் துலக்கிய தண்ணீர் வாழைக்குப் பாய்ந்தது. மனை சுருங்கி, கிணறு தூர்ந்து, கொல்லை மறைந்தபோது அந்த வேலைகள் மறைந்துவிடவில்லை, வீட்டிற்குள் புகுந்தன. இன்று யூட்டிலிட்டி என்று அழைக்கப்படுவது கூரைக்கு அடியில் வந்துவிட்ட கொல்லைப்புறமே.

உடல்நலத்தை எண்ணினாலும் தனியறைக்கு நியாயம் உண்டு. கழிப்பறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். அத்தகைய பொருள்களை அரிசிக்கும் பருப்புக்கும் அருகே வைப்பது அறிவுடைமை ஆகாது. நோயாளியின் துணியை உணவு ஆக்கும் இடத்தில் அலசுவதும் தகாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே அடுக்களையில் கண்டதையும் அடைத்துக் காற்றோட்டத்தை மறிப்பது ஆபத்து. நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016ஆம் ஆண்டின் பதிப்பில், உண்பதற்குத் தனியிடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் இருக்கவேண்டும் என்கிறது. பொருள்களை வைக்கத் தனியறை இருந்தால் 4.5 போதும் என்கிறது. உண்பதும் அங்கேயே என்றால் 7.5 வேண்டும் என்கிறது. வேலைகளைப் பிரித்து வைப்பதில் பிழை இல்லை என்பதை விதி வகுத்தோரும் ஏற்றிருக்கின்றனர்.

ஆனால் நம் கொல்லைப்புறத்திற்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையன்று. அழுக்குத் துணி எடுக்க வந்தவரும், தொழுவத்தைக் கூட்ட வந்தவரும் தெருவாசல் வழியே வர விடப்படவில்லை. அவர்கள் கொல்லைவாசல் வழியே வந்து, எட்ட நின்று, தூக்கி ஊற்றிய தண்ணீரைக் கையேந்திக் குடித்துச் சென்றனர். வேலையைப் பிரித்த சுவர் மனிதரையும் பிரித்தது. இதில் கிறிஸ்தவர் வீடுகள் விலக்காக இருந்தன என்று நெஞ்சில் கைவைத்து நம்மால் சொல்ல இயலாது. வீடுகள் இருக்கட்டும், ஆலயத்தையே எண்ணிப் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தினுள்ளே சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. சுவரோடு பிரிவினையும் இடிந்துவிட்டதா என்பதை நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றைக் கண்டவர் அறிவர். பகைமை என்னும் நடுச்சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய திருமுகம் கற்பிக்கிறது. அவர் தகர்த்ததை அடுக்களைக்குப் பின்னே நாம் மீண்டும் எழுப்பிவிடக்கூடாது அல்லவா?

பிறரைச் சுட்டும் முன் நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், குருக்கள் இல்லத்தைப் பழுதுபார்த்தோம். வந்துபோவோர் கண்ணில் எச்சில் பாத்திரமும் ஈரத்துணியும் படலாகாது என்று கருதி, அடுக்களையின் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஓர் அறை கட்டுவித்தோம். இல்லம் அழகாயிற்று, வந்தோர் பாராட்டினர். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அந்த அறைக்குள் நாம் கால் வைத்ததில்லை. ஒரு மே மாதப் பிற்பகலில், குழாயில் தண்ணீர் நின்றுபோக, வாளி தேடி அங்கே சென்றோம். நமக்குச் சமைத்துப்போட்ட அம்மா, கவிழ்த்துவைத்த டின் ஒன்றின் மேல் அமர்ந்து, தட்டை மடியில் வைத்து உண்டுகொண்டிருந்தார். சன்னல் இல்லை. மின்விசிறி இல்லை. நெற்றி வியர்வை சோற்றில் சொட்டும் வெக்கை. நம்மைக் கண்டதும் ஏதோ தவறு செய்தவர்போலத் தட்டுடன் எழுந்து நின்றார். "இங்கேயா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டோம். "இது போதும் சாமி" என்றார்.

அன்று காலைத் திருப்பலியில் நற்கருணை விருந்தைப் பற்றி நாம் மறையுரை ஆற்றியிருந்தோம்.

அடுத்த வாரமே சுவரை உடைத்துச் சன்னல் வைத்தோம், விசிறி மாட்டினோம். அது எளிதாக இருந்தது. மேசைக்கு வந்து அமர்ந்து உண்ணுங்கள் என்று அவரை அழைத்தோம். அது எளிதாக இல்லை. அவர் மறுத்துவிட்டார். வற்புறுத்தியபோது கண் கலங்கினார். தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஏற்றப்பட்ட அச்சத்தை ஓர் அழைப்பால் இறக்கிவிட முடியாது என்று அன்று கற்றோம். நாம் அந்தப் பங்கை விட்டு மாறிச்செல்லும் வரை அவர் மேசையில் அமரவில்லை. அடுக்களைக்குள் பலகை போட்டு அமர்ந்து உண்ணும் அளவுக்கு மட்டுமே வந்தார். அந்தத் தோல்வி அவருடையது அன்று, நம்முடையது.

தாயார் விரும்பிய பெரிய அடுக்களைக்கு இனி வருவோம். இன்றைய அடுக்குமாடி வீடுகளில் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய சமையலறை அமைந்ததன் பின்னணியை அறிய, ஜெர்மனி நாட்டுச் செய்தி ஒன்று உதவும். முதல் உலகப் போருக்குப் பின், பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நகராட்சி ஏராளமான வீடுகளைக் கட்டியது. அவற்றுக்கான சமையலறையை 1926இல் வரைந்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் உள்ள சிறு சமையலறையை முன்மாதிரியாகக் கொண்டு, எட்டிவைக்கும் ஒவ்வோர் அடியையும் கணக்கிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாப் பொருள்களும் இருக்குமாறு அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது இடம்பெற்றது. பெண்ணின் உழைப்பைக் குறைக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதன் பின்னே இருந்தது. ஆயினும் பின்னாளில் அதன்மேல் ஒரு குறை எழுந்தது. அங்கே இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. வேலை எளிதாயிற்று, வேலை செய்பவர் தனிமைப்பட்டார்.

அப்படியானால் அடுக்களையைப் பெரிதாக்கினால் போதுமா? போதாது. நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டனர் என்று தெரியவந்தது. ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். ஆண்களில் இவ்வேலைகளில் ஈடுபட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்களில் 81 பேர். இந்நிலை மாறாத வீட்டில் அடுக்களை எவ்வளவு பெரிதானாலும், அதே ஒருத்தி கூட்டித் துடைக்கவேண்டிய தரைதான் பெரிதாகும். மருமகள் மெல்லிய குரலில் சொன்னது இதைத்தான்.

மார்த்தாவும் இதைத்தான் சொன்னார். லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் அவர் ஆண்டவரிடம் முறையிட்டது வேலை மிகுதியைப் பற்றி மட்டுமன்று. பணிவிடை முழுவதையும் தனியாகச் செய்யவேண்டியிருக்கிறதே என்பதைப் பற்றி. மறையுரைகளில் நாம் மார்த்தாவைக் கடிந்துகொள்வதே வழக்கமாகிவிட்டது. ஆண்டவர் அவருடைய கவலையையும் பரபரப்பையும்தான் திருத்தினார். அவருடைய கைகளின் உழைப்பை இகழவில்லை. சாவின் முன் நின்று, இயேசுவே மெசியா என்று அறிக்கையிட்ட பேறு யோவான் நற்செய்தியில் அந்த மார்த்தாவுக்கே கிடைத்தது. முன்பு சூலை 29ஆம் நாள் உரோமைப் பொது நாள்காட்டியில் மார்த்தாவின் நினைவு மட்டுமே இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், 2021இல், மார்த்தா, மரியா, இலாசர் மூவரையும் சேர்த்து நினைவுகூரும்படி அது மாற்றப்பட்டது. ஒரு வீட்டார் ஒரு நாளில் சேர்ந்து நிற்கின்றனர். மார்த்தா தனியாகத் தவித்த அன்று இலாசர் எங்கே இருந்தார் என்று லூக்கா சொல்லவில்லை. நம் வீட்டு ஆண்கள் அக்கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

திருச்சபையின் மரபு இதற்கு வழி காட்டாமல் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் சமையற்கட்டுக்கென ஓர் அதிகாரமே உண்டு. துறவியர் வாரமுறை வைத்து ஒருவருக்கொருவர் பணிவிடை செய்யவேண்டும். நோயுற்றவரும் தவிர்க்கமுடியாத கடமை உள்ளவரும் தவிர எவரும் விலக்குப் பெறலாகாது. வாரம் முடிந்ததும், பணி முடித்தவர் துண்டுகளைத் துவைத்துவைத்து, அடுத்து வருபவரோடு சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவவேண்டும். வேறோர் இடத்தில், மடத்தின் பாத்திரங்களையும் உடைமைகளையும் பீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலக் கருதவேண்டும் என்கிறார். பாத்திரம் துலக்கும் தொட்டிக்கும் பலிபீடத்திற்கும் இடையே நாம் எண்ணுகிற தொலைவை அவர் காணவில்லை.

அவர் இதைக் கற்றது ஆண்டவரின் இராவிருந்தில். தண்ணீர்ப் பாத்திரமும் இடுப்பில் கட்டும் துண்டும் பின்கட்டுக்குரிய பொருள்கள். அவற்றைக் கையாள்வது பணியாளரின் வேலை. இயேசு அவற்றைப் பந்தி நடந்த அறைக்கே கொண்டுவந்தார்; எல்லார் கண்முன்னும் மண்டியிட்டார். மறைவில் நடக்கவேண்டியது என்று உலகம் கருதிய வேலையை அவர் விருந்தின் நடுவில் வைத்தார். உயிர்த்தெழுந்த பின்னும், திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, களைத்து வந்த சீடரைச் சாப்பிட அழைத்தார். சமைத்துப் பரிமாறியது சாவை வென்ற கை.

இங்கே நீதியைப் பற்றியும் ஒரு சொல். இத்தாலியின் லுக்கா நகரில், பன்னிரண்டு வயதில் ஒரு வீட்டிற்குப் பணிப்பெண்ணாகச் சென்று, 1272இல் இறக்கும்வரை அதே வீட்டில் உழைத்த ஸிட்டா, 1696இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இல்லப் பணியாளரின் பாதுகாவலர் அவரே. புனித ஸிட்டாவைப் பீடத்தில் வைப்பதும், நம் வீட்டு ஸிட்டாவைச் சன்னலில்லா அறையில் வைப்பதும் ஒன்றோடொன்று பொருந்தா. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைக் குறித்து 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பு முதன்மையாக வேலையின் வகையைப் பொறுத்ததன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதைப் பொறுத்தது என்று கற்பித்தார். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்ற 189ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணிநேர ஓய்வேனும் வேண்டும் என்கிறது. தமிழகத்திலும் 2007இல் வீட்டுப் பணியாளருக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. நம் வீட்டில் வேலை செய்பவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பண்டிகைக்குப் பழைய சேலை கொடுப்பது இரக்கம். உரிய கூலியும் ஓய்வும் கொடுப்பது நீதி. முன்னதைச் செய்து பின்னதை ஈடுகட்டிவிட முடியாது.

இரண்டு வாரம் கழித்து அந்தக் குடும்பத்தினர் மீண்டும் வந்தனர். பெரிய அடுக்களையா, தனியறையா என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டோம். முதலாவது, அந்த இடத்தில் நாள்தோறும் நிற்கப்போகிறவர் யார்? பொறியாளரைக் கேட்குமுன் அவரைக் கேட்டீர்களா? இரண்டாவது, அங்கே நிற்பவருக்குக் காற்றும் வெளிச்சமும் உட்கார ஓர் இடமும் உண்டா? நீங்கள் ஒரு மே மாதப் பிற்பகலில் ஒரு மணிநேரம் அங்கே இருக்க ஒப்புவீர்களா? மூன்றாவது, இரண்டாவதாக வந்து நிற்கப்போகிறவர் யார்? இதற்கு விடை இல்லையென்றால் எந்த வரைபடமும் பயன்தராது. இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னோம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமையை மறக்கவேண்டாம். அந்த அறுபது சதுர அடிக்காகக் கடன்பட்டு வீட்டின் அமைதியை அடகு வைக்கவேண்டாம். அந்த அளவேயுள்ள ஒற்றை அறையில் குடும்பம் நடத்துவோரும் நம் பங்கில் உண்டு.

மருமகளும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பொறியாளர் வரையாத மூன்றாவது படம் ஒன்றை அவர்கள் தாங்களே வரைந்து கொண்டுவந்திருந்தனர். பத்தடியில் நாலடி அடுக்களைக்கு. எஞ்சிய ஆறடிக்கு ஆறடி பின்னறைக்கு. இடையே சுவர் உண்டு; அதில் பார்த்துப் பேசும்படி ஒரு திறப்பும் உண்டு. கிழக்கே சன்னல், அதன் கீழ் உட்கார ஒரு கல்திண்ணை. எல்லாரும் நுழையும் வாசல் வழியே வேலைக்கு வருபவரும் வரலாம். அடுக்களையில் இரண்டாவதாக ஒரு மேடை குறிக்கப்பட்டிருந்தது. அது யாருக்கு என்று கேட்டோம். மகன் தமக்கு என்றார். தாயார் அதை நம்பியதாகத் தெரியவில்லை. மருமகள் சிரித்தார், நாமும் பொறுத்திருந்து பார்ப்பதாகச் சொன்னோம்.

முதற்கல் மந்திரித்தாயிற்று, அடித்தளம் எழும்பியிருக்கிறது. வீடு முடிந்ததும் மந்திரிக்கச் செல்வோம். அன்று தெருவாசலில் தொடங்காமல், பின்னறையில் தொடங்குவதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.